படகு மெதுவா போகட்டும், இஎம்ஐ வேண்டாம்: ஆலப்புழா ட்ரிப்புக்கு நான் ரெண்டு தடவை போட்ட கணக்கு

போன வருஷம் நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டேன், ஞாபகம் இருக்கா? "இந்த லீவுக்கு நீங்க செலவு பண்ணப்போற 20,000 ரூபாயை அப்படியே இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டுட்டு மறந்துடுங்க. வருஷத்துக்கு 12 சதவீதம் கிடைச்சா 30 வருஷத்துல அது கிட்டத்தட்ட 6 லட்சம்" அப்படின்னு போர்டுல எழுதிக் காட்டினேன். நிறைய பேர் பாத்தீங்க, ஷேர் பண்ணீங்க. கணக்குல தப்பு எதுவும் இல்ல, கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, வரும்.

வீடியோ வந்த அன்னைக்கு ராத்திரி வீட்டுல சாப்பாடு போட்டுக்கிட்டே என் மனைவி கேட்டாங்க: "ஏங்க, அந்த 6 லட்சத்துல முப்பது வருஷம் கழிச்சு எத்தனை தடவை போட்ல போகலாம்?"

நான் உடனே ஃபோனை எடுத்துக் கணக்குப் போட்டேன். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுதுன்னு வெச்சுக்கிட்டா, இன்னைக்கு 20,000 ஆகுற ட்ரிப் 30 வருஷம் கழிச்சு 1,15,000 ஆகும். அப்போ 6 லட்சத்துல அஞ்சு தடவை போகலாம். "பாத்தியா, ஒண்ணு போய் அஞ்சு கிடைக்குது"ன்னு சொன்னேன். அவங்க, "அப்ப உங்களுக்கு 59 வயசு, எனக்கு 57"ன்னு சொல்லிட்டு ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டாங்க.

அந்த வீடியோல நான் சொல்லாம விட்ட பாதிதான் இந்தப் பதிவு. படகுப் பயணத்தை வெச்சு எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. அதே ஆலப்புழாவுக்கு நாங்க ரெண்டு தடவை போயிருக்கோம். ஒரு தடவை தப்பா, ஒரு தடவை சரியா.

மதுரைக்காரனுக்கு எதுக்கு ஆறு?

நம்ம ஊர்ல ஆத்துல தண்ணி வர்றதே ஒரு நிகழ்ச்சி. அழகர் ஆத்துல இறங்குறதுக்கு வைகை அணையில இருந்து தண்ணி திறந்து விட்டாத்தான் பல வருஷம் ஆத்துல ஈரத்தையே பாக்குறோம். மத்த நாள்ல ஏவி பாலத்து மேல பைக்ல போகும்போது கீழ பாத்தா மணலும் செடியும்தான். அதனால படகு, ஆறுன்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஏக்கம் வரும். கல்யாணம் ஆன புதுசுல "ஹவுஸ்போட் போகணும்"னு சொல்லாத ஜோடி நம்ம ஆபீஸ்லயே கிடையாது.

அதுக்கு நமக்கு ரொம்பப் பக்கம் ஆலப்புழா. தேனி, கம்பம், குமுளி, கோட்டயம்னு ரோட்டுல ஏறி இறங்கினா ஏழு எட்டு மணி நேரம். இன்னொரு வழி, மதுரையில இருந்து குருவாயூர் போற எக்ஸ்பிரஸ். செங்கோட்டை, புனலூர், கொல்லம்னு சுத்திக் கோட்டயம் போகும். மலையில அந்தப் பதிமூணு கண் பாலத்து மேல ரயில் ஊர்ந்து போறதைப் பாக்குறதுக்கே டிக்கெட் காசு சரியாப் போயிடும்.

முதல் தடவை: 36,000 ரூபாய், 12 மாசத் தவணை

எங்க முதல் கல்யாண நாள் டிசம்பர் கடைசியில வந்தது. ரெண்டு பேர் சம்பளமும் சேத்து அப்ப 52,000. ஒரு டிராவல் ஏஜெண்ட் கிட்ட பேக்கேஜ் எடுத்தோம். ஹவுஸ்போட் ஒரு ராத்திரி 14,000, ரிசார்ட் ஒரு ராத்திரி 7,000, மதுரையில இருந்து போய்வர டாக்ஸி 11,000, சாப்பாடு அது இதுன்னு 4,000. மொத்தம் 36,000. கையில அவ்வளவு இல்ல. ஃபோன்ல ஒரு ஆப்ல பர்சனல் லோன், பத்து நிமிஷத்துல அக்கவுண்ட்ல காசு வந்துருச்சு. வட்டி வருஷத்துக்கு 24 சதவீதம், மாசம் 3,404 ரூபாய், 12 மாசம். மொத்தமா கட்டினது 40,850. பிராசஸிங் கட்டணம் தனி.

வட்டியில போன 4,850 ரூபாய்கூட எனக்குப் பெருசாத் தெரியல. அந்த வருஷம் மார்ச்ல அப்பாவுக்கு கண்ணுல ஆபரேஷன். இன்சூரன்ஸ் போக மீதியை நான் கட்டணும். அந்த மாசம் இஎம்ஐ பவுன்ஸ் ஆச்சு. அபராதம், அது மேல ஜிஎஸ்டி, தினம் மூணு ஃபோன் கால். பணம் பத்தி வீட்டுல நாங்க முதல் தடவையா சத்தம் போட்டுச் சண்டை போட்டது அந்த மாசம்தான். அதுக்கப்புறம் எட்டு மாசம் எங்கயும் போகல. படத்துக்குப் போகலாமான்னு கேட்டா, "அதான் போட்ல போனோமே"ன்னு ஒருத்தரை ஒருத்தர் குத்திக் காட்டிக்கிட்டோம். சந்தோஷமா இருக்கணும்னு போன ட்ரிப், சண்டையில எடுத்துக்காட்டா ஆயிடுச்சு.

சரி, அந்தப் படகாவது நல்லா இருந்துச்சான்னு கேப்பீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாங்க எதுக்குக் காசு கட்டுறோம்னே தெரியாம கட்டியிருக்கோம்னு அங்க போனதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.

ஹவுஸ்போட் எவ்வளவு நேரம் ஓடும்?

பன்னிரண்டு மணிக்கு ஏறச் சொல்வாங்க, மறுநாள் காலையில ஒம்பது மணிக்கு இறங்கணும். 21 மணி நேரம். ஆனா அந்த 21 மணி நேரமும் படகு ஓடாது. ஒரு மணிக்குக் கரையில கட்டிட்டு மதியச் சாப்பாடு. சாயங்காலம் அஞ்சரைக்கு நிறுத்திடுவாங்க, ஏன்னா அதுக்கப்புறம் அங்க உள்ள மீனவர்கள் வலை போடுற நேரம். வலை மேல படகு ஏறினா அவங்க பொழப்பு போச்சு, அதனால அந்த விதி நியாயமான விதிதான். ராத்திரி பூரா படகு ஒரு தென்னந்தோப்பு ஓரமா கட்டித்தான் கிடக்கும். ஏசி பல பேக்கேஜ்ல ராத்திரி ஒம்பதுல இருந்து காலையில ஆறு வரைக்கும்தான். காலையில இட்லி சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, ஏறின இடத்துல விட்டுடுவாங்க.

கூட்டிப் பாருங்க. 12ல இருந்து 1, 2ல இருந்து 5.30, காலையில 8ல இருந்து 9. மொத்தம் அஞ்சரை மணி நேரம். 14,000ஐ அஞ்சரையால வகுத்தா, படகு நகர்ற ஒரு மணி நேரத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல. சரி, ரூம் இருக்கு, சாப்பாடு இருக்கு. நியாயமாப் பாத்தா அதுக்கு ஒரு 4,000 கழிச்சுடலாம். அப்பவும் மணிக்கு 1,800 ரூபாய்.

ஹவுஸ்போட்னு இன்னைக்கு நாம சொல்றது பழைய கெட்டுவள்ளம். ஆணி இல்லாம பலகையைக் கயிற்றால கட்டிச் செஞ்ச சரக்குப் படகு. குட்டநாட்டு நெல்லை ஏத்திட்டுப் போனது. ரோடும் லாரியும் வந்ததும் அதுக்கு வேலை போச்சு, அப்புறம்தான் மேல ரூம் கட்டி டூரிஸ்ட் ஏத்துனாங்க. சரக்குப் படகு ஊர் ஊரா நின்னு போகும். இப்ப உள்ளது ஒரே வட்டத்துல சுத்திட்டு வரும். நாங்க ஆசைப்பட்டதோ ஊர் ஊரா நின்னு போற பயணம். காசு கட்டினது தண்ணியில மிதக்குற ஒரு ஹோட்டல் ரூமுக்கு.

அதுக்காக ஹவுஸ்போட் ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல. ஒரு விஷயத்தை வெளிப்படையாப் பேசுவோம். செல்லூர்லயோ ஜெய்ஹிந்த்புரத்துலயோ ரெண்டு ரூம் வீட்டுல, அப்பா அம்மா தம்பி எல்லாரோடயும் இருக்கிற புதுசா கல்யாணம் ஆன ஜோடிக்கு, ஒரு கதவு வேணும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு யாரும் கூப்பிடாம ஒரு ராத்திரி பேசிக்கிட்டு இருக்கணும். அது ஆடம்பரம்னு சொல்ற எந்த ஃபைனான்ஸ் குருவையும் நம்பாதீங்க. உங்களுக்கு வேண்டியது அந்தக் கதவுன்னா ஹவுஸ்போட் எடுங்க. ஆனா டிசம்பர் கடைசியில எடுக்காதீங்க. வார நாள்ல, சீசன் இல்லாத மாசத்துல அதே படகு பாதி விலைக்குப் பக்கத்துல வரும். நான் அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு விசாரிச்சேன். 14,000 சொன்ன அதே மாதிரி படகுக்கு 8,000 சொன்னாங்க.

உங்களுக்கு வேண்டியது ஆறுன்னா, அதுக்கு வேற வழி இருக்கு.

ரெண்டாவது தடவை: 9,700 ரூபாய், கடன் இல்ல

கேரளாவுல அரசாங்கமே படகு ஓட்டுது. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைன்னு தனித் துறை, 1968ல ஆரம்பிச்சது, தலைமை அலுவலகம் ஆலப்புழாவுலதான். நமக்கு டவுன் பஸ் மாதிரி அவங்களுக்கு இந்தப் படகு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க, மீன்கூடைக்காரம்மா, ஆபீஸ் போறவங்க எல்லாரும் ஏறுவாங்க, ஒவ்வொரு துறையா நின்னு நின்னு போகும்.

கோட்டயத்துல இருந்து ஆலப்புழாவுக்கு இந்தப் படகுல ரெண்டரை மணி நேரம். டிக்கெட் ஒரு ஆளுக்கு 30 ரூபாய் பக்கம்தான். ரெண்டு காபி விலைகூட இல்ல. முதல்ல குறுகலான கால்வாய். வழியில சின்னச் சின்ன தூக்குப் பாலம் வரும். படகு ஹாரன் அடிச்சா கரையில இருக்கிற ஆள் கயித்தை இழுத்துப் பாலத்தைத் தூக்குவார், படகு போனதும் இறக்கி விடுவார். அப்புறம் ஆர் பிளாக் பக்கம், வயலைவிட உயரத்துல தண்ணி நிக்கும். கடல் மட்டத்துக்குக் கீழ நெல்லு விளையுற ஊர் அது. கடைசியில வேம்பநாட்டுக் காயல் விரிஞ்சு வரும்போது என் மனைவி என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. 14,000 ரூபாய் படகுல அது நடக்கல. (அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல இருந்து கால் மேல கால் வந்ததும் ஒரு காரணம், ஒத்துக்கிறேன்.)

எங்க திட்டத்தை அப்படியே சொல்றேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு. மதுரையில இருந்து ரயில், ராத்திரி கோட்டயத்துல தங்கல். சனிக்கிழமை காலையில படகு, மதியம் ஆலப்புழா. கால்வாய் ஓரமா ஒரு ஹோம்ஸ்டே. சாயங்காலம் கடற்கரையில அந்தப் பழைய இரும்புப் பாலத்தைப் பாத்துக்கிட்டு நடை. ஞாயிற்றுக்கிழமை அதே அரசுத் துறையோட சுற்றுலாப் படகு, வேகான்னு பேரு. 120 பேர் உக்காரலாம், அஞ்சு மணி நேரம். புன்னமடை, வேம்பநாட்டுக் காயல்னு போய்ப் பாதிராமணல் தீவுல இறக்கி விடுவாங்க. மனுஷங்க குடியில்லாத தீவு, மரமும் பறவையும்தான். குடும்பஸ்ரீ பெண்கள் செஞ்ச மதியச் சாப்பாடு படகுலயே காசு கொடுத்து வாங்கிக்கலாம். டிக்கெட் சில நூறு ரூபாய்தான், ஆனா அப்பப்ப மாத்துறாங்க, போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணிக் கேட்டுக்கோங்க. இறங்கினதும் கோட்டயம் வந்து, குமுளி வழியா ராத்திரி பஸ். திங்கள் காலையில ஆரப்பாளையம், குளிச்சுட்டு ஆபீஸ்.

இப்ப கணக்கு, ரெண்டு பேருக்கும் சேத்து:

ரயில், பஸ்: 1,900
ரெண்டு ராத்திரி ரூம்: 3,600
எல்லாப் படகும்: 1,300
சாப்பாடு: 2,000
ஆட்டோ, சில்லறைச் செலவு: 900
மொத்தம்: 9,700

படகு ஓடின நேரம் மட்டும் ஏழரை மணி. மணிக்கு ரெண்டு பேருக்கும் சேத்து 175 ரூபாய்கூட ஆகல. முதல் தடவையைவிட ரெண்டு மணி நேரம் அதிகமாத் தண்ணியில இருந்தோம். கரையில நாலு இடத்துல இறங்கி நடந்தோம்.

இன்னும் ஒரு நாள் லீவு கிடைச்சா வைக்கம் போங்க. 1924ல பெரியார் போய் ஜெயிலுக்குப் போன அதே வைக்கம். 2024 டிசம்பர்ல அங்க பெரியார் நினைவகத்தைப் புதுப்பிச்சுத் திறந்தாங்க. அதைப் பாத்துட்டுப் படகுத் துறைக்கு வந்தா தவணக்கடவுக்கு ஒரு படகு போகும். 2017ல ஓட ஆரம்பிச்ச நாட்டோட முதல் சோலார் ஃபெர்ரி 'ஆதித்யா' ஓடுறது இந்த ரூட்லதான். டூரிஸ்ட் பேக்கேஜ் எதுலயும் இது வராது.

மெதுவாப் போறது பணக்காரங்களுக்கு மட்டுமா?

படகுல நிதானமா ஊர் ஊரா இறங்கிப் போறதுன்னா ஐரோப்பாவுல ரைன், டான்யூப் ஆறுன்னுதான் விளம்பரம் காட்டுவாங்க. நம்ம நாட்டுலயும் 2023 ஜனவரியில கங்கா விலாஸ்னு ஒரு சொகுசுக் கப்பல் கிளம்புச்சு. வாரணாசியில இருந்து திப்ரூகர் வரைக்கும் 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர். ஒரு ஆளுக்கு 12 லட்சத்துக்கு மேல. அதைப் பாத்துட்டு "இதெல்லாம் நமக்கில்லப்பா"ன்னு ரீல்ஸைத் தள்ளிட்டுப் போயிடுறோம். ஆனா நிதானம்ங்கிறது கேரளாவுல 30 ரூபாய் டிக்கெட்டுக்குக் கிடைக்குது. அந்தப் படகே மெதுவாத்தான் போகும், அதுக்கு வேற வழி இல்ல.

நான் கவனிச்ச வரைக்கும், நம்ம ட்ரிப்புல காசைத் தின்னது அவசரம்தான். லீவு ரெண்டு நாள்தான்னு டாக்ஸி, கடைசி நேர புக்கிங்ல ரூம், எல்லாரும் போற அதே டிசம்பர், கையில காசு இல்லாததால லோன். முதல் தடவை நான் கட்டின 40,850ல அவசரத்துக்குப் போனது பாதிக்கு மேல. டாக்ஸிக்குப் பதிலா ரயில் எடுத்திருந்தா அதுலயே 9,000 மிச்சம். சீசனைத் தள்ளியிருந்தா 6,000. ரிசார்ட்டுக்குப் பதிலா ஹோம்ஸ்டே எடுத்திருந்தா 5,000. லோன் இல்லன்னா 4,850. கூட்டினா 24,850.

சம்பளக்காரங்களுக்கு மூணு வேலை

முதல் வேலை, தனியா ஒரு ஆர்டி. மாசம் 1,500, 12 மாசம். 6.5 சதவீதம் வட்டின்னா கடைசியில சுமார் 18,600 கையில. அதுக்கு 'படகு'ன்னு பேரே வெச்சுடுங்க, எங்க வீட்டுல அப்படித்தான். பல பேங்க் ஆப்ல பேர் மாத்துற வசதி இருக்கு. எமர்ஜென்சி ஃபண்டு, டேர்ம் இன்சூரன்ஸ், மெடிக்கல் இன்சூரன்ஸ் மூணும் இல்லாம இதை ஆரம்பிக்காதீங்க. ஆனா அது மூணும் இருந்து, எஸ்ஐபியும் போய்க்கிட்டு இருந்தா, இந்த 1,500ஐ எஸ்ஐபியில சேக்கணும்னு யாராவது சொன்னா, நானே சொன்னாலும், கேக்காதீங்க.

ரெண்டாவது, ட்ரிப்புக்கு லோன் கிடையாது. 'நோ காஸ்ட் இஎம்ஐ'யும் லோன்தான், பிராசஸிங் கட்டணமும் வட்டி மேல ஜிஎஸ்டியும் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் மட்டும் கட்டினா மாசம் 3.5 சதவீதம்னு போட்டாக்கூட வருஷத்துக்கு 42 சதவீதம் ஆயிடும். நீங்க திரும்பி வந்ததுக்கு அப்புறமும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கிற ஆட்டோ அது.

மூணாவது, எல்டிஏ. உங்க சம்பளச் சீட்டுல எல்டிஏன்னு ஒரு வரி இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா, நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு வரிவிலக்கு கேக்கலாம். 2022–2025 பிளாக் முடிஞ்சு இப்ப 2026–2029 நடக்குது. பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் விலக்கு. ரூம், சாப்பாடு, ஊர் சுத்துற படகு எதுவும் வராது. அந்த நேரம் நீங்க லீவுல இருந்திருக்கணும், டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்கணும். புதிய வரி முறையில இருந்தா இது கிடையாது. எச்ஆர் கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்க. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் எடுக்கிறவங்களுக்கு டிசிஎஸ் பிடிப்பாங்க. அது போன காசு இல்ல, ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது வரியில கழிச்சுக்கலாம். ஆனா அதுவரைக்கும் உங்க பணம் அங்க மாட்டிக்கும், பட்ஜெட்ல அதையும் சேருங்க.

சிக்கனம் பாக்கக்கூடாத ஒரே இடம் பாதுகாப்பு. 2009 செப்டம்பர்ல தேக்கடியில படகு கவிழ்ந்து 45 பேர் செத்தாங்க. 2023 மே மாசம் தானூர்ல 22 பேர், அந்தப் படகுல அனுமதிச்சதைவிட அதிகம் ஆள் ஏத்தியிருந்தாங்க. லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னா போடுங்க, சொல்லலைன்னா கேட்டு வாங்கிப் போடுங்க. கூட்டம் அதிகம்னா அடுத்த படகுக்கு நில்லுங்க. ஃபோட்டோவுக்காக எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீங்க. மழைக்காலத்துல விலை குறையும், ஆனா எச்சரிக்கை விட்டிருக்கிற நாள்ல அந்த மிச்சம் வேண்டாம்.

கணக்குல வராத ஒண்ணு

கடைசியா ஒண்ணு. அந்த வீடியோவை நான் இன்னும் எடுக்கல, ஆனா அதுக்குக் கீழ இந்தப் பதிவை இணைக்கப் போறேன். அதுக்குக் காரணம் என் மனைவி கேட்ட கேள்வி மட்டும் இல்ல.

எங்க அப்பா ஒரு கூட்டுறவு சங்கத்துல கணக்கர். ஒரு ரூபாய் வீணாக்காதவர். நான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாதி அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான். அம்மாவுக்குச் சின்ன வயசுல இருந்து படகுல போகணும்னு ஆசை. "ரிட்டயர் ஆனதும் ஆலப்புழா போவோம்"னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். தட்டிக் கழிக்கிறதுக்காகச் சொன்னதில்ல. அதுக்குன்னு போஸ்ட் ஆபீஸ்ல தனியா ஒரு கணக்கே வெச்சிருந்தார். ரிட்டயர் ஆனார், பணமும் எடுத்தார், போன ஜனவரியில நாங்க நாலு பேரும் கிளம்பினோம்.

கோட்டயம் படகுத் துறையில கரைக்கும் படகுக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி. படகு லேசா ஆடிக்கிட்டு இருக்கு. உள்ள இருந்து ஒரு ஊழியர் கையை நீட்டினார், நான் பின்னாடி நின்னேன். அம்மா வலது காலைத் தூக்கினாங்க, வெச்சாங்க, திரும்ப எடுத்துட்டாங்க. ரெண்டு முட்டியும் போயி நாலு வருஷம் ஆச்சு. "வேணாம்யா, எனக்குப் பயமா இருக்கு. நீங்க போயிட்டு வாங்க, நான் இப்படி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்"னு சிமெண்ட் பெஞ்சுல உக்காந்துட்டாங்க. அப்பா பக்கத்துல உக்காந்தார். படகு எங்களை விட்டுட்டுப் போயிடுச்சு. அடுத்தது ஏறலாம்னு நான் சொன்னேன். அம்மா ஏறல. நாலு பேரும் பஸ்லதான் ஆலப்புழா போனோம்.

பஸ்ல அப்பா எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னார்: "நான் கணக்கு சரியாத்தான்டா போட்டேன். அவ முட்டியைத்தான் கணக்குல சேக்கல."

கூட்டு வட்டி உண்மைதான். இருபத்தஞ்சு வயசுல சேமிக்கிற ரூபாய்க்கு முப்பது வருஷம் வேலை செய்ய நேரம் இருக்கு, அதனால சீக்கிரம் ஆரம்பிங்க, இதை நான் இன்னும் நூறு வீடியோல சொல்லுவேன். ஆனா பணம் வளர்ற அதே முப்பது வருஷத்துல வேற சிலது தேயுது. கால், பெத்தவங்க உடம்பு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல லீவு எடுக்க முடியுற அந்தக் குழந்தை இல்லாத ரெண்டு மூணு வருஷம். இதுக்கெல்லாம் எந்த ஆப்லயும் கிராஃப் வராது.

அதனால என் கருத்து இதுதான். மாசம் 1,500 தனியா வைங்க. கடன் வாங்காம, அவசரப்படாம, சீசனைத் தள்ளிப் போங்க. ஆனா போங்க. பெத்தவங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இந்த வருஷமே போங்க. அம்மாவுக்காக இப்ப விசாரிச்சு வெச்சிருக்கேன். ஆலப்புழாவுல கரையோட மட்டமா ஏறுற மாதிரி துறை இருக்கிற ஒரு சின்னப் படகு, ஒரு மணி நேரத்துக்குத்தான். ஆர்டி மார்ச்ல முடியுது. ஏப்ரல் வெயிலுக்கு முன்னாடி போயிடணும்.

நீங்க எந்த ட்ரிப்பை "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளி வெச்சிருக்கீங்க? அதுக்கு எவ்வளவு ஆகும், மாசம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும்? கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோல உங்க கணக்கை எடுத்து நாம சேந்து போட்டுப் பாப்போம்.